மறையெழுத்தும் பொதுமொழியும்

எரேமியா இறைவாக்கினர் நூலின் 25-ஆம் அதிகாரத்தில், ஆண்டவருடைய சினத்தின் கிண்ணத்தைப் பருக வேண்டிய மன்னர்களின் நீண்ட பட்டியல் ஒன்று இடம்பெறுகிறது. எகிப்து, ஏதோம், மோவாபு என்று நாடு நாடாகச் சென்று, இறுதியில் ‘சேசாக்கு’ மன்னனிடம் அப்பட்டியல் முடிகிறது. பண்டைய உலகில் சேசாக்கு என்றொரு நாடு இருந்ததாக எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. அப்பெயர் ஒரு சங்கேதக் குறி. எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள் உள்ளன. முதல் எழுத்துக்குப் பதிலாகக் கடைசி எழுத்தையும், இரண்டாம் எழுத்துக்குப் பதிலாகக் கடைசிக்கு முந்தியதையும் இட்டு எழுதும் ஒரு முறை யூத அறிஞரிடையே வழங்கிவந்தது. அதற்கு ‘அத்பாஷ்’ என்று பெயர். அம்முறைப்படி சேசாக்கை மாற்றிப் படித்தால் வெளிப்படும் சொல் ‘பாபேல்’ என்பதாகும். விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த புனித ஜெரோம் தம் எரேமியா விளக்கவுரையில் இதனைத் தெளிவாக எடுத்துரைத்தார்.

அந்நூலின் 51-ஆம் அதிகாரத்தில் சேசாக்கு, பாபேல் என்னும் இரு பெயர்களும் ஒரே வசனத்தில் அருகருகே வருகின்றன. எனவே மறைப்பது மட்டுமே இங்கு நோக்கமன்று, சொல் விளையாட்டும் உண்டு என்று அறிஞர் சிலர் கருதுவர். எப்படியாயினும், விவிலியத்தில் நாம் காணும் சங்கேதச் சொல் பாபேலின் பெயரை மறைத்து நிற்பது சிந்தனைக்குரியது. ஏனெனில், தொடக்க நூலின்படி, மானிடர் தம் பொதுமொழியை இழந்த இடமே பாபேல்.

மனிதன் தன் சொல்லைப் பற்றி இரண்டு கனவுகளைக் கண்டுவருகிறான். நான் விரும்பும் ஒருவரைத் தவிர வேறெவர்க்கும் என் சொல் விளங்கக்கூடாது என்பது ஒன்று. உலகிலுள்ள அனைவர்க்கும் என் சொல் விளங்கவேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது மறையெழுத்துக் கலையாக வளர்ந்தது. இரண்டாவது உலகப் பொதுமொழி முயற்சியாக வளர்ந்தது. ஒன்றுக்கொன்று நேர்மாறான இவ்விரண்டையும் பல வேளைகளில் ஒரே மனிதர்களே பேணி வளர்த்தார்கள் என்பதே வியப்பு. அவர்களுள் துறவியரும் குருக்களும் பலர் என்பதால், இவ்வரலாறு நம் திருச்சபையின் வரலாற்றோடும் பின்னிக் கிடக்கிறது.

நம் தமிழும் இந்த இரட்டைத்தன்மையை அறியும். ‘மறை’ என்னும் சொல்லுக்கு ஒளித்து வை என்பதும் பொருள், இறைவன் வெளிப்படுத்திய திருநூல் என்பதும் பொருள். மறைமாவட்டம், மறையுரை, மறைக்கல்வி என்று நாள்தோறும் வழங்கும் நாம் இதனை நின்று நினைப்பதில்லை. ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் மறைசொல்லுக்கு இலக்கணத்திலேயே இடம் தந்தது தமிழ். நன்னூல் அதனைக் குழூஉக்குறி என்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதை உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்காட்டுவர்.

துறவியும் அவர்தம் செபங்களும்

மறையெழுத்தை உடைக்கும் கலையை முதன்முதல் முறையாக எழுதிவைத்தவர், நாம் அறிந்தவரை, ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அரபு மெய்யியலறிஞர் அல்-கிந்தி. ஒவ்வொரு மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும், சில அரிதாக வரும். மறைமடலில் எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து, அதனை மொழியின் இயல்போடு ஒப்பிட்டால் திரை விலகும் என்று அவர் காட்டினார். ஆறு நூற்றாண்டுகள் கழித்து, திருத்தந்தையரின் அலுவலகத்தில் பணியாற்றியவரும் கட்டடக் கலைஞருமான லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி, ஒன்றினுள் ஒன்றாகச் சுழலும் இரு வட்டத் தகடுகளைக் கொண்டு, எழுத்துகளின் மாற்றத்தை இடையிடையே திருப்பிவிடும் முறையை வகுத்தார். எண்ணிப் பார்ப்பவரின் கணக்கைக் குழப்புவதற்காகவே அத்தகடு சுழன்றது.

இவர்களுக்குப் பின் வந்த யோகான் திரித்தேமியுஸ் (1462–1516) நம் கவனத்திற்கு மிகவும் உரியவர். இவர் ஜெர்மனியின் ஸ்போன்ஹைம் ஊரிலிருந்த பெனடிக்ட் சபை மடத்தின் தலைவர். நூல்களைத் திரட்டுவதில் தணியாத ஆர்வம் கொண்டவர். 1499-ஆம் ஆண்டில், தாம் எழுதிக்கொண்டிருந்த ஒரு விந்தை நூலைப் பற்றிக் கென்ட் நகரிலிருந்த கார்மேல் சபை நண்பர் ஒருவருக்கு மடல் விடுத்தார். மடல் போய்ச் சேருமுன் நண்பர் இறந்துவிட்டார். பிறர் அதனைப் படித்தனர். தூதன் இன்றியே செய்தி அனுப்பலாம் என்பது போன்ற அதன் சொற்களைக் கண்டு, இவர் பேய்களோடு தொடர்புடையவர் என்னும் பேச்சு பரவிற்று. செய்தியை மறைப்பதில் வல்லவரான ஒருவரின் பெயரைக் கெடுத்தது, மறைக்காமல் அனுப்பிய ஒரு மடல்தான்!

‘ஸ்தெகானோகிராபியா’ என்னும் அந்நூல் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1606-இல் அச்சாயிற்று. 1609-இல் திருச்சபையின் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வானதூதர்களையும் ஆவிகளையும் அழைக்கும் மந்திரங்களாக அதில் தோன்றுபவை பெரும்பாலும் மறையெழுத்துகளே. முதலிரு பகுதிகளின் திறவுகோல் நூலோடு வெளிவந்தது. மூன்றாம் பகுதி மந்திரநூல் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1990-களில் தோமஸ் எர்ன்ஸ்ட், ஜிம் ரீட்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள், ஒருவர் முயற்சியை மற்றவர் அறியாமலே, அதனையும் மறையெழுத்து என்று மெய்ப்பித்துத் திறந்து காட்டினர். ஒரு துறவியின் மீது விழுந்த பழி நீங்க ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் ஆயின.

அவருடைய மற்றொரு நூலான ‘பொலிகிராபியா’, 1518-இல் வெளிவந்தது. மறையெழுத்தைப் பற்றி அச்சிடப்பட்ட முதல் நூல் அதுவே. அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வோர் இலத்தீன் சொல்லை அடுக்கடுக்காகத் தந்திருக்கிறார். அச்சொற்களை வரிசைப்படி எடுத்தெழுதினால் எழுந்து வருவது ஒரு செபம். வழிப்பறிக்காரன் படித்தாலும், ஒற்றன் படித்தாலும், இறைவனைப் புகழும் ஒரு மன்றாட்டையே காண்பான். பெறுபவர் மட்டும் அதனுள் போரின் செய்தியையோ அரசின் செய்தியையோ படித்தறிவார். செபத்தைப் போர்வையாக்குதல் தகுமா என்னும் வினா நம் உள்ளத்தில் எழாமல் இராது. வாயில் வேண்டுதலும் உள்ளே வேறு கணக்குமாக நிற்பது அந்நூலோடு தோன்றியதோ, முடிந்ததோ அன்று.

திறவுகோல் பிறர் கையில்

மறையெழுத்தை அளவுக்கு மீறி நம்பியவர்க்கு நேர்ந்த துயரத்திற்கு ஸ்காட்லாந்து அரசி மேரியின் வரலாறு சான்று. கத்தோலிக்கரான அவர் இங்கிலாந்தில் சிறைப்பட்டிருந்தபோது, அவர்தம் மடல்கள் பீர்ப் பீப்பாயின் அடைப்பில் ஒளித்து உள்ளும் புறமும் கொண்டுசெல்லப்பட்டன. அவ்வழியையே எதிரிகள் தம் கைக்குள் வைத்திருந்ததை அவர் அறியார். அரசி எலிசபெத்தின் அமைச்சர் வால்சிங்காமிடம் பணியாற்றிய தோமஸ் பெலிப்ஸ், 1586-இல் ஒவ்வொரு மடலையும் உடைத்துப் படித்தார். எலிசபெத்தைக் கொல்லும் சதிக்கு மேரி இசைவளித்தார் என்று காட்டிய மடலின் படியில் அவர் ஒரு தூக்குமரத்தின் படத்தை வரைந்தாராம். சதிகாரரின் பெயர்களைக் கேட்கும் சில வரிகளையும் மேரியின் மறையெழுத்திலேயே எழுதி அதன் இறுதியில் சேர்த்துவிட்டார். 1587 பிப்ரவரி 8-இல் மேரியின் தலை துண்டிக்கப்பட்டது. பாதுகாப்பு உண்டு என்னும் நம்பிக்கையே அவரை வெளிப்படையாக எழுதவைத்தது.

அவருடைய மடல்கள் வேறு சிலவும் நம் காலத்தில் வாய்திறந்தன. பாரிஸ் நகரத் தேசிய நூலகத்தில் இத்தாலியச் செய்திகள் என்னும் தலைப்பின்கீழ்க் கிடந்த மறைமடல்களைக் கணினியின் துணையோடு ஆராய்ந்த மூவர், அவை 1578 முதல் 1584 வரை மேரி எழுதியவை என்று 2023-இல் வெளியிட்டனர். 57 மடல்கள். சிறைப்பட்ட ஒரு பெண்ணின் குரல் நானூறு ஆண்டுகளுக்கு மேல் எவர் செவிக்கும் எட்டாமல் காத்திருந்தது.

அனைவர்க்கும் ஒரே எழுத்து

பதினேழாம் நூற்றாண்டில் காற்று மறுபக்கம் திரும்பிற்று. இலத்தீன் மெல்லத் தளர்ந்தது. சீன எழுத்தை வெவ்வேறு மொழி பேசுவோர் தத்தம் ஒலியில் படிக்கின்றனர் என்னும் செய்தியை மறைபரப்பாளர் கொண்டுவந்தனர். ஒலியைச் சாராமல் பொருளையே நேரே காட்டும் எழுத்து ஒன்று வேண்டும் என்னும் வேட்கை எழுந்தது. மெர்சேன் என்னும் துறவி அத்தகைய திட்டம் ஒன்றைத் தெரிவித்தபோது, மெய்யியலறிஞர் தேக்கார்த் 1629-இல் மறுமொழி எழுதினார். எண்களைப் போலக் கருத்துகளையும் ஒழுங்குபட அடுக்க முடிந்தால் அம்மொழி கைகூடும் என்றார். ஆனால் அதற்கு முன் மெய்யறிவு முழுமையாகக் கிட்டியிருக்க வேண்டும் என்றும், உலகமே விண்ணுலகத் தோட்டமாக மாறினாலன்றி அது நடவாது என்றும் எச்சரித்தார்.

எச்சரிக்கை எவரையும் தடுக்கவில்லை. உரோமையில் வாழ்ந்த இயேசு சபைக் குரு அத்தனாசியுஸ் கிர்ஹர் (1602–1680), பேரரசர் மூன்றாம் பெர்டினாண்டின் தூண்டுதலால் இப்பணியில் இறங்கி, 1663-இல் தம் நூலை வெளியிட்டார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், ஜெர்மன் ஆகிய ஐந்து மொழிகளின் சொற்களையும் ஒப்பிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றிற்கு எண் கொடுத்தார். ஒருவர் தம் மொழியில் எண்ணி எண்களால் எழுதினால், மற்றவர் தம் மொழியில் அதனைப் படிக்கலாம். அதே நூலின் பிற்பகுதியில் திரித்தேமியுஸைப் பின்பற்றி மறையெழுத்து முறைகளையும் அவர் கற்பிக்கிறார். அனைவர்க்கும் விளங்கவைக்கும் கருவியும் எவர்க்கும் விளங்காமல் மறைக்கும் கருவியும் ஒரே அட்டைக்குள் அடங்கின. உண்மையில் இரண்டும் ஒரே கருவிதான். அட்டவணையை உலகிற்குக் கொடுத்தால் அது பொதுமொழி. ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அது மறைமொழி.

இதே கிர்ஹர் எகிப்திய ஓவிய எழுத்துகளைப் படித்துவிட்டதாகவும் நம்பினார். அவை பண்டைய ஞானத்தை மறைத்து வைத்த குறிகள் என்று கொண்டு, பெருநூல்களை எழுதினார். அவர் கூறிய விளக்கங்கள் நிலைக்கவில்லை. 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்பொல்லியோன் அவ்வெழுத்துகளைத் திறந்தபோது, அவை ஒலிகளையும் குறிப்பவை, ஒரு மக்கள் பேசிய மொழியை எழுதுபவை என்று தெரிந்தது. அவருக்குத் துணைநின்ற திறவுகோல்களுள் முதன்மையானது கோப்து மொழி. எகிப்தியக் கிறித்தவர்கள் வழிபாட்டில் காத்துவந்த மொழி அது. அம்மொழி பண்டை எகிப்திய மொழியின் வழிவந்தது என்று சரியாகக் கண்டுரைத்தவரும், அதனை ஐரோப்பாவில் கற்க வழிசெய்தவரும் கிர்ஹரே என்பதை மறத்தலாகாது. எளிய மக்கள் தம் தாய்மொழியில் விடாது செய்துவந்த செபத்தின் துணையால் பார்வோன்களின் கல்வெட்டுகள் பேசலாயின.

ஆங்கிலத் திருச்சபையின் ஜான் வில்கின்ஸும் இரு கனவுகளையும் கண்டவரே. 1641-இல் மறைச்செய்தி பற்றி ஒரு நூல் எழுதிய அவர், 1668-இல் பொதுமொழி பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். உலகப் பொருள்கள் அனைத்தையும் 40 பேரினங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் ஓரசை தந்தார். ‘தே’ என்றால் பூதம். ‘தேப்’ என்றால் பூதங்களுள் முதலாவதான நெருப்பு. ‘தேபா’ என்றால் நெருப்பின் பகுதியாகிய சுடர். சொல்லைக் கேட்டாலே பொருளின் பிறப்பிடம் தெரியும். அழகிய திட்டம். ஆனால் புதிய பொருள் ஒன்று தோன்றினால் எந்தப் பெட்டியில் இடுவது? ஓர் எழுத்துப் பிழைத்தால் பொருளே மாறிப்போகும். படைப்பை நாற்பது பெட்டிகளில் பூட்ட முடியும் என்று நம்பிய மொழியில் எவரும் அழவும் இல்லை, தாலாட்டவும் இல்லை.

கிர்ஹருக்கு 1660-களில் அனுப்பப்பட்ட ஒரு கையெழுத்துநூலையும் இங்குக் குறிப்பிட வேண்டும். அறியாத செடிகளின் படங்களும் அறியாத எழுத்துகளும் கொண்ட அந்நூலை, 1912-இல் வோய்னிச் என்னும் நூல் வணிகர் இயேசு சபையாரிடமிருந்து வாங்கினார். அதன் தோல் பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குரியது என்று ஆய்வு காட்டியுள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த மறையெழுத்து வல்லுநரான அமெரிக்கர் வில்லியம் பிரீட்மன், நெடுநாள் முயன்றபின், அது மறையெழுத்தன்று, செயற்கையாக ஆக்கப்பட்ட ஒரு பொதுமொழியாக இருக்கலாம் என்று கருதினார். இன்றுவரை அனைவரும் ஏற்கும் முடிவு கிட்டவில்லை.

பற்றிப் பிடித்தவரும் கைவிட்டவரும்

இருவேறு கனவுகளும் மிகக் கூர்மையாகச் சந்தித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் அருகே லிட்செல்ஸ்டெட்டன் ஊரில் பங்குத்தந்தையாக இருந்தவர் யோகான் மார்ட்டின் ஷ்லையர் (1831–1912). உறக்கம் வராத ஓர் இரவில், உலகிற்கு ஒரு மொழியைத் தரும்படி இறைவன் தம்மைப் பணித்ததாக உணர்ந்தார். 1879-இல் அவர் வெளியிட்ட அம்மொழியின் பெயர் ‘வோலாப்யூக்’, அதாவது உலகமொழி. பத்தே ஆண்டுகளில் அது ஐரோப்பா எங்கும் பரவியது. கழகங்களும் இதழ்களும் தோன்றின. 1884, 1887, 1889 ஆகிய ஆண்டுகளில் மாநாடுகள் கூடின.

அம்மொழியின் கழகத்தை வழிநடத்த 1887-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பாரிஸில் மொழியாசிரியராக இருந்த ஆகுஸ்த் கெர்க்ஹோப்ஸ். இவர் 1883-இலேயே இராணுவ மறையெழுத்து பற்றிப் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியவர். மறையெழுத்து முறை எதிரியின் கையில் சிக்கினாலும் தீங்கு நேரக்கூடாது, திறவுகோல் ஒன்று மட்டுமே மறைவாக இருந்தால் போதும் என்பது அவர் வகுத்த நெறி. இன்றைய கணினிகளின் மறைகுறியீட்டுக் கலையும் இந்நெறியை அடித்தளமாகக் கொண்டது. வோலாப்யூக் மொழியிலும் இத்தகைய திறந்த மனத்தையே அவர் வேண்டினார். இலக்கணத்தை எளிதாக்க வேண்டும், பயன்படுத்துவோர் கூடி முடிவெடுக்க வேண்டும் என்றார். ஷ்லையர் அடிகளார் இசையவில்லை. மொழி தமக்கே உரியது, இறுதிச்சொல் தம்முடையதே என்று உறுதியாக நின்றார். கெர்க்ஹோப்ஸ் 1891-இல் விலகினார். இயக்கம் பல துண்டுகளாகச் சிதறியது. உலகை ஒன்றாக்கப் பிறந்த மொழி, தன்னைப் பேசியவர்களையே ஒன்றாக வைத்திருக்க இயலாமல் போயிற்று. அவர் நல்ல குரு, பன்மொழிப் புலவர், தன்னலம் கருதாதவர். ஆயினும், இறைவன் தந்த கொடையைத் தம் உடைமையாக எண்ணிய இடத்தில் அக்கொடை வாடியது. பங்குகளிலும் பக்தசபைகளிலும் பொறுப்பேற்றிருக்கும் நாம் அனைவரும் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் நலம்.

அதே 1887-ஆம் ஆண்டில் வார்சாவில் லுத்விக் சாமன்ஹோப் என்னும் யூத மருத்துவர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். பல மொழியினர் ஒருவரையொருவர் வெறுத்து வாழ்ந்த பியாலிஸ்தோக் நகரில் பிறந்தவர் அவர். தம் பெயரைக் கூட நூலில் இடாமல் ‘நம்பிக்கையுடையவர்’ என்னும் பொருளில் ‘எஸ்பெராந்தோ’ என்னும் புனைபெயரை இட்டார். அம்மொழியின் மீது தமக்கு எவ்வுரிமையும் இல்லை, அது அனைவரின் சொத்து என்று முதல் நூலிலேயே அறிவித்தார். புனைபெயரே மொழியின் பெயராயிற்று. இன்றும் அது பேசப்படுகிறது. கத்தோலிக்கரும் 1903 முதல் அம்மொழியில் ஓர் இதழை நடத்தலாயினர். அதனைத் தொடங்கியவர் பிரான்சு நாட்டுக் குரு எமில் பெல்த்தியே.

ஆனால் அவ்வரலாற்றின் இறுதி ஏடு கண்ணீரால் நனைந்தது. சாமன்ஹோப்பின் மூன்று பிள்ளைகளும் நாத்சிகளால் கொல்லப்பட்டனர். தந்தையின் மொழியை நாடுகள் தோறும் கற்பித்த இளைய மகள் லிதியா 1942-இல் திரெப்ளிங்கா வதைமுகாமில் மடிந்தார்.

மொழி ஒன்றானால் போதுமா?

சாமன்ஹோப்பின் கனவுக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஒருவர் பேச்சு மற்றவர்க்குப் புரிந்தால் பகை தீரும் என்பதே அது. 1994-இல் ருவாண்டா நாட்டில் நடந்ததை எண்ணும்போது அந்நம்பிக்கை நடுங்குகிறது. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் பேசியது ஒரே கின்யருவாண்டா மொழி. அவர்களுள் மிகப் பலர் ஒரே ஆலயத்தில் ஒரே அப்பத்தை உண்டவர்கள். ஏறத்தாழ நூறு நாள்களில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அடைக்கலம் தேடி ஓடிய ஆலயங்களுக்குள்ளேயே பலர் வெட்டுண்டனர். திருத்தந்தை பிரான்சிஸ் 2017-இல் அதற்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். மொழிபெயர்ப்பாளர் எவரும் தேவைப்படாத ஒரு நாட்டில் அண்ணனின் கூக்குரல் தம்பிக்கு விளங்காமல் போயிற்று.

தொலைநாட்டைக் குறை கூறிவிட்டு நாம் தப்பிக்க இயலாது. ஆண்டவர் கற்பித்த செபத்தை ஒரே தமிழில் ஒரே குரலாய்ச் சொல்லிவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் மட்டும் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கும் வழக்கம் நம் நாட்டுக் கிறித்தவரிடையே இருந்துவந்துள்ளது. அங்கே சொல் பொதுமொழி, உள்ளம் மறையெழுத்து. செபத்தின் போர்வைக்குள் வேறு செய்தியை மறைத்த திரித்தேமியுஸின் அட்டவணை நம் கைகளிலும் இருக்கிறது.

பாபேலுக்கு மாற்றாகத் திருச்சபை காண்பது பெந்தக்கோஸ்து நாளை. திருத்தூதர் பணிகள் நூலின் இரண்டாம் அதிகாரத்தை ஊன்றிப் படித்தால் ஒன்று புலப்படும். தூய ஆவியார் வந்தபோது மக்கள் அனைவர்க்கும் ஒரே மொழி அருளப்படவில்லை. பார்த்தரும் மேதியரும் எகிப்தியரும் அரேபியரும் தத்தம் தாய்மொழியிலேயே செய்தியைக் கேட்டனர். கேட்பவன் தன் மொழியைக் கைவிடவில்லை. பேசுகிறவர்கள்தாம் கேட்பவனுடைய மொழிக்குள் சென்றார்கள்.

இந்நெறி நம் கடற்கரையிலும் கடைப்பிடிக்கப்பட்டது. மேரியின் மறைமடல்களை ஒற்றர்கள் உடைத்துக்கொண்டிருந்த அதே 1586-ஆம் ஆண்டில், முத்துக்குளித்துறையில் அன்றீக் அன்றீக்கஸ் அடிகளார் ‘அடியார் வரலாறு’ என்னும் நூலைத் தமிழில் அச்சேற்றினார். போர்த்துக்கல் நாட்டவரான அவர் பரதவ மக்களைத் தம் மொழிக்கு அழைக்கவில்லை. அவர்களுடைய மொழியை ஆண்டுக்கணக்கில் அமர்ந்து கற்றார், அதற்கு இலக்கணமும் எழுதினார். நான்கு நூற்றாண்டுகள் கழித்து, இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-இல் வழிபாட்டிற்கு மக்கள்மொழிகளின் வாயிலைத் திறந்தபோது, அவர் நடந்த தடத்தையே திருச்சபை முழுவதும் பின்பற்றியது எனலாம்.

அயலானின் மொழியைக் கற்பது அட்டவணை கொண்டு முடிகிற வேலையன்று. அவன் திண்ணையில் அமர்ந்து, அவன் நகைப்பிற்கு ஆளாகி, அவன் துயரத்திற்கு அவன் இடும் பெயரைக் கேட்டறிய வேண்டும். ஒரே தமிழைப் பேசும் இரு தெருக்களுக்கு இடையிலும் இத்தகைய கற்றல் தேவைப்படுகிறது. அவ்வாறு கற்பவரிடமே மற்றவர் தம் உள்ளத்தின் திறவுகோலைத் தாமாக எடுத்துக் கொடுப்பார்.